ஜீப்பை உயர்த்துமுன் ஒரு கணக்கு



சென்ற மாத நிகழ்ச்சியின் முடிவில் ஒரு தம்பி தொலைபேசியில் வந்து, "அங்கிள், என்ரை ஜீப்பை அஞ்சு சென்ரிமீற்றர் உயர்த்தப் போறன். என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். நேரம் முடிந்துகொண்டிருந்தபடியால், "பொறுங்கோ தம்பி, அடுத்த இதழில எழுதுறன்" என்றேன். நான் பொறியியலாளன் அல்லன், கணக்காளன். ஆனால் இந்த விடயத்தில் எங்கள் வீட்டிலேயே பணம் கட்டிப் பாடம் படித்திருக்கிறோம்.

வாகனத்தை உயர்த்துவது எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் லொறிக்காரர் பின் ஸ்பிறிங்கில் மேலதிகமாக ஒரு தகடு போடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது பாரம் தாங்குவதற்காக. இங்கே இளையவர்கள் கேட்பது வேறு. வாகனத்தின் உடல் நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கவேண்டும், பெரிய ரயர் போடவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சட்டத்துக்கும் உடலுக்கும் இடையில் கட்டைகள் வைத்து உடலை மட்டும் உயர்த்துவது ஒன்று. நீளமான ஸ்பிறிங்கும் அதற்கேற்ற சொக் அப்சோபரும் பூட்டுவது மற்றது. இரண்டாவதைத்தான் சஸ்பென்சன் உயர்த்துதல் என்கிறார்கள். இதனால் மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிபடாது. வாகனத்தின் நடு வயிறும் தட்டாது. அது உண்மையான நன்மை. ஆனால் முழு அச்சுள்ள ஜீப்பில் ஆகப் பதிவாக இருப்பது அச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல் குண்டு. அது ஸ்பிறிங்குக்குக் கீழே இருப்பதால், ஸ்பிறிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு மில்லிமீற்றர் கூட உயராது. அதை உயர்த்துவது ரயர் மட்டுமே, அதுவும் அரைக் கணக்கில். 75 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயருக்குப் பதிலாக 80 போட்டால் அச்சு உயர்வது இரண்டரை சென்ரிமீற்றர். அதோடு வேகமானியும் பிழைக்கும். முன்பு சரியாகக் காட்டிய மானி 80 என்று காட்டும்போது நீங்கள் ஓடுவது ஏறக்குறைய 85.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மகன் ஒரு பழைய ஜீப்பைத் தனியார் ஒருவரிடம் வாங்கினான். முந்திய சொந்தக்காரர் ஏற்கனவே உயர்த்தியிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஒரு கலியாணத்துக்காக யூலண்டிலிருந்து கொப்பன்ஹேகனுக்குக் குடும்பமாகப் புறப்பட்டோம். பெரிய பெல்ற் பாலத்தில் பக்கக்காற்று அடித்தது. மகன் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் ஓட்டினான். பின்னால் பேரப்பிள்ளை நித்திரை. அந்தப் பாலம் எனக்கு அன்றுபோல் என்றும் நீளமாகத் தெரிந்ததில்லை.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். உடல் உயரும்போது வாகனத்தின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. இடது வலது சில்லுகளுக்கு இடையிலான அகலத்தை, மைய உயரத்தின் இரண்டு மடங்கால் பிரித்துப் பாருங்கள். அகலம் 150 சென்ரிமீற்றர், மைய உயரம் 75 என்றால் விடை 1. மையம் 80 ஆனால் விடை 0.94. இந்த எண் குறையக் குறைய வாகனம் புரளும் ஆபத்து கூடும். 1997 இல் சுவீடனில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் ஒன்று, திடீரென விலகி ஓடும் சோதனையில் கவிழ்ந்தது நினைவிருக்கலாம். அது புத்தம் புதிய கார்.

அத்தோடு முடியவில்லை. சில ஜீப்புகளில் ஸ்பிறிங் உயர்ந்ததும் முன் அச்சு சற்றுத் திரும்பிவிடும். வளைவு முடிந்த பின் ஸ்ரியரிங் தானாக நேருக்கு வராது. எங்கள் ஜீப் பாலத்தில் அலைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின் சில்லுகளுக்கு விசை கொண்டுபோகும் தண்டின் கோணம் கூடி நடுக்கம் வரலாம். பிறேக் எண்ணெய்க் குழாய்களின் நீளம் போதாமற் போகலாம். பழைய ஜீப், பிக்அப் சிலவற்றில் பின் அச்சோடு தொடுத்த ஒரு கருவி உண்டு. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் அது பின் பிறேக்குக்குக் கூடிய அழுத்தம் விடும். ஸ்பிறிங்கை உயர்த்திவிட்டு அந்தக் கருவியைச் சரிசெய்யாவிட்டால், ஐந்து பேர் இருந்தாலும் வண்டி வெறுமை என்றே அது எடுத்துக்கொள்ளும். பின் பிறேக் குறையும்.

எங்கள் ஜீப் சூன் பரிசோதனைக்குப் போனபோது இந்தப் பிறேக் விடயமும், எதிரே வருபவரின் கண்ணில் அடித்த முன் விளக்கும் பிடிபட்டன. அவற்றைத் திருத்தலாம். திருத்த முடியாதது ஒன்று இருந்தது: ஸ்பிறிங்குக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. டென்மார்க்கில் வாகனத்தின் அமைப்பை இவ்வாறு மாற்றினால் அதற்கான தொழில்நுட்பச் சான்றோடு சூன் நிலையத்தில் காட்டி அங்கீகாரம் பெறவேண்டும். முடிவில் பழைய அளவு ஸ்பிறிங் தேடிப் பூட்டினோம். உயர்த்தியதற்கு ஒருவர் செலவழித்தார், இறக்குவதற்கு நாங்கள் செலவழித்தோம்.

காப்புறுதியையும் கவனியுங்கள். கட்டாயமான மூன்றாம் ஆள் காப்புறுதி, இடிபட்டவருக்குக் கொடுக்கும். ஆனால் உங்கள் சொந்த வாகனத்துக்கான கஸ்கோ அப்படியல்ல. அங்கீகாரம் இல்லாத மாற்றம் விபத்துக்குக் காரணமென்று கண்டால், நட்டஈட்டைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு இடமிருக்கலாம். பதிவு வரி உச்சப் படியில் 150 வீதம் அறவிடும் நாடு இது. வாங்கிய விலையில் ஒரு பெரும் பங்கு வரிதான். அப்படி வாங்கிய பொருளைக் கடதாசி இல்லாமல் ஓட்டலாமா? கடதாசியின் அருமையை எங்கள் சமூகத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எதற்காக உயர்த்துகிறோம்? இந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான மொல்லெஹோய் 171 மீற்றர்தான். காடுகளுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் நினைத்தபடி ஓட முடியாது. கடற்கரையில் ஓட விரும்பினால் றோமோ, பானோ தீவுகளும், புளொக்குஸ் முதல் லொக்கென் வரையான கரையும் உண்டு. அங்கே சாதாரணக் குடும்பக் கார்களே இறுகிய மணலில் ஓடுகின்றன. இளகிய மணலில் புதைவது உயரம் போதாமல் அல்ல, ரயரில் காற்று கூடியதால். காற்றைக் குறைத்தால் ரயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். தார் வீதிக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப நிரப்பவேண்டும். மன்டோ தீவுக்குப் போகும் பாதையைக் கடல் நாளுக்கு இருமுறை மூடுகிறது. அங்கே தேவை வற்று நேர அட்டவணை. ஐந்து சென்ரிமீற்றர் ஸ்பிறிங் கடலைத் தடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், தம்பி, இந்த ஒழுங்கில் செய்யுங்கள். பணம் கொடுக்குமுன் சூன் நிலையத்துக்குப் போய் என்ன சான்று வேண்டும் என்று கேளுங்கள். சான்று உங்கள் வாகன மாதிரிக்கும் அதே பாகத்துக்கும் உரியதா என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பூட்டிய பின் சில்லு நேர்மை, விளக்கு, பிறேக் மூன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றின் விலையையும் ஸ்பிறிங்கின் விலைக்குக் கீழே எழுதிக் கூட்டுங்கள். ஏற்கனவே உயர்த்திய வாகனம் வாங்குகிறவர்கள் முதலில் சான்றைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

என் மகனின் ஜீப் இப்போது பழைய உயரத்தில் நிற்கிறது. சென்ற கோடையில் அதே வண்டியில்தான் றோமோ போனோம். ரயரில் காற்றைக் குறைத்தோம், ஓடினோம், புதையவில்லை. திரும்பும் வழியிலும் பேரப்பிள்ளை நித்திரை. இம்முறை மகன் கதைத்துக்கொண்டே ஓட்டினான்.