ஹோமருக்கு எழுதத் தெரியுமா?

இலியட் படிச்சவங்க கவனிச்சிருப்பீங்க: அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு வேகமான கால்கள்னுதான் அடைமொழி. ஏன் அப்படி?

மில்மன் பேரி என்ற அமெரிக்கர் 1928-ல் பாரிஸ்ல கொடுத்த ஆய்வேட்டில் விடை இருக்கு. அடைமொழியை முடிவு பண்றது அர்த்தம் இல்ல, யாப்பு. வரியில் எவ்வளவு இடம் மிச்சமோ, அதுக்குப் பொருந்துற தொடர் வந்து உட்காரும். எங்க கோடிங் பாஷையில சொன்னா ரெடிமேட் லைப்ரரி. ஒரே ஆள் உருவாக்கினது இல்ல, தலைமுறை தலைமுறையா பாடிப் பாடிச் சேர்ந்தது.

சரி, எழுத்தே இல்லாம அவ்வளவு பெரிய காவியம் சாத்தியமா? சோதிச்சுப் பார்க்க பேரி யூகோஸ்லாவியா போனார். 1935-ல் அங்கே அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுதப் படிக்கத் தெரியாத பாடகர், ஒரே கதையை 12,000 வரிக்கு மேல் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. கிட்டத்தட்ட ஒடிஸி நீளம்! அதே வருஷக் கடைசியில் பேரி இறந்துட்டார், வயசு 33. அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-ல் இதைப் புத்தகமாக்கினார். அப்புறம் நாட்டாரியல், மானிடவியல்னு பல துறைகள் கையில எடுத்துக்கிச்சு.

இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி, 1968-ல் ஆக்ஸ்போர்டில் வெளியான தன் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களையும் இதே அளவுகோலால அளந்தார். அவையும் வாய்மொழிப் பாடல்களே என்பது அவர் வாதம். எனக்கு அதுல பாதி உடன்பாடுதான். ஆயிரக்கணக்கான வரி பாடுறவருக்கு ரெடிமேட் தொடர் வேணும், சரி. ஆறு வரி குறுந்தொகைப் பாட்டுக்கு எதுக்கு? நீளமான ஆற்றுப்படைகளுக்கு வேணா பொருந்தலாம்.