உணவாக வந்த மீன்

கடல்மீன் விலை ஏறும் நாள்களில், பதுளைத் தோட்டக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது திலாப்பியா மீன். மகியங்கனைத் தாழ்நிலத்துக் குளங்களில் மலிந்துள்ள இம்மீன் இந்நாட்டிற்கு உரியதன்று. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா, மலிவான புரத உணவின் பொருட்டு 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்டது. அவ்வாண்டிலேயே இங்கிருந்து தமிழகத்து மண்டபத்திற்கும் சென்றது. ஆங்கு அதனை ஜிலேபி மீன் என்பர்.

இம்மீன் சில திங்களிலேயே இனம்பெருக்கத் தொடங்கும். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். உவர்நீரிலும் வாழும், பாசி முதல் சிறுமீன் வரை உண்ணும். ஆதலின், அது புகுந்த நீர்நிலைகளில் நாட்டு மீன்கள் இரைக்கும் இடத்திற்கும் அதனோடு போட்டியிட நேர்கிறது. உலகில் மிகக் கேடு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது.

ஏழையின் கறிச்சட்டியை நிரப்பிய மீனைப் பழித்தல் நன்றாகாது. சட்டியில் வெந்த மீனால் எவருக்கும் தீங்கில்லை. நீரில் பெருகிவிட்ட மீனை முற்றாக மீட்கவல்ல வலையோ எங்குமில்லை. உயிருடன் வாங்கிய அயல்மீனை இரக்கத்தாலோ விளையாட்டாகவோ பதுளு ஓயாவிலும் தோட்டத்து ஓடைகளிலும் விடாதிருத்தலே அறிவுடைமை.