ஆலைகளில் வருமுன் காத்தல்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. அத்தகைய துணியை வெளுப்பது ஓர் இரசாயனத் தொழிலே ஆகும். பருத்தியிலுள்ள மெழுகை நீக்க எரிசோடாக் கரைசலில் கொதிக்க வைப்பர். பின்னர் ஹைப்போகுளோரைட்டு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுப்பர். எஞ்சிய காரத்தை அமிலத்தால் போக்குவர்.

இங்கே அபாயத்தை முன்னரே அறிவது எங்ஙனம்? இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1960களில் உருவான ‘ஹாசாப்’ முறை வழி காட்டுகிறது. ஒவ்வொரு குழாயையும் கலத்தையும் எடுத்துக்கொண்டு ‘இல்லை, அதிகம், குறைவு, எதிர்மாறு, வேறு’ என்னும் சொற்களால் வினவுவதே அம்முறை.

‘அதிகம்’: மூடிய கொப்பரையில் அழுத்தம் மிகுந்தால்? வெடிக்கும். எனவே காப்பு வால்வு தேவை. அதை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.

‘வேறு’: ஹைப்போகுளோரைட்டுத் தொட்டியில் தவறி அமிலம் சேர்ந்தால்? குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். எனவே இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்து, ஒன்றின் குழாய் மற்றொன்றில் பொருந்தாதவாறு அமைத்தல் வேண்டும்.

1984 டிசம்பரில் போபாலில் மெதில் ஐசோசயனேட்டுத் தொட்டியில் புகுந்த ‘வேறு’ பொருள் வெறும் தண்ணீரே! அன்று குளிரூட்டும் அமைப்பும் இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இவ்வினாக்களை எழுப்பும் குழுவில் பொறியாளரோடு, வால்வைத் திருகும் தொழிலாளியும் இடம்பெற வேண்டும். ஏடறியாத குறையை அவர் கை அறியும். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டார ஆலைகளில் நாளை பணியேற்கவிருக்கும் மாணவ நண்பர்கள் இதனை மனத்திற்கொள்வார்களாக!