எதிர்ப்பொருளைக் காக்கும் இளம் விஞ்ஞானிகள்

நாம் காணும் கல், மரம், நீர், நம் உடல் ஆகிய அனைத்தும் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்னும் நுண்துகள்களால் ஆனவை என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இத்துகள் ஒவ்வொன்றுக்கும் நிறையில் ஒத்ததும், மின்னேற்றம் முதலிய பண்புகளில் நேர்மாறானதுமான எதிர்த்துகள் ஒன்று உண்டு. 1928-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பால் டிராக் வகுத்த சமன்பாடு இவ்வுண்மைக்கு வழிகாட்டியது. எலக்ட்ரானின் எதிர்த்துகளாகிய பாஸிட்ரானை 1932-இல் கார்ல் ஆண்டர்சன் அண்டக்கதிர்களிடையே கண்டார். எதிர்ப்புரோட்டான் 1955-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கண்டுபிடிக்கப்பட்டது.

துகளும் எதிர்த்துகளும் சந்திக்குமாயின் இரண்டும் அழிந்து, ஆற்றலாகவும் வேறு துகள்களாகவும் மாறிவிடும். பிரபஞ்சம் தோன்றியபோது இரு வகையும் சம அளவில் உண்டாகியிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. அவ்வாறாயின், இன்று பொருள் மட்டும் எஞ்சி நிற்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் எதிர்ப்பொருளைத் தாமே உண்டாக்கி, அழியாது காத்து, அதன் இயல்புகளை அளந்து பார்க்கின்றனர்.

தொழிற்சாலையும் சிறைக்கூடமும்

இவ்வாராய்ச்சி ஜெனிவா நகருக்கு அருகே, 1954-இல் நிறுவப்பட்ட செர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகிறது. நம் நாடும் 2017-ஆம் ஆண்டு முதல் இந்நிலையத்தின் இணை உறுப்பு நாடாக உள்ளது.

அங்கே அதிவேகப் புரோட்டான்கள் இரிடியம் என்னும் உலோகத்தின் மீது மோதவிடப்படுகின்றன. மோதலில் தோன்றும் எதிர்ப்புரோட்டான்கள், 182 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் வேகம் குறைக்கப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு நிமிஷத்திற்கு ஒரு முறை சுமார் மூன்று கோடி துகள்கள் இவ்விதம் கிடைக்கின்றன. பின்னர் எலீனா என்னும் சிறு வளையம் அவற்றை மேலும் மெதுவாக்குகிறது. பாஸிட்ரான்களோ சோடியம்-22 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து பெறப்படுகின்றன. இவ்விரண்டும் கூடினால் எதிர் ஹைட்ரஜன் அணு உருவாகும்.

அதனை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரமும் பொருளால் ஆனதே. அதன் சுவரைத் தீண்டிய கணமே அணு அழிந்துவிடும். ஆகவே காந்தப் புலமே பாத்திரமாக அமைகிறது. கருவியின் உட்புறம் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு, காற்று இயன்ற மட்டும் வெளியேற்றப்படுகிறது. ஆல்பா என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் 2010-இல் 38 அணுக்களைச் சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டில் 1,000 வினாடிகள் வரை அணுக்களைக் காத்து வைத்தனர்.

பணியின் தன்மை

இக்கருவிகளை இரவும் பகலும் பேணுவோரிற் பலர், டாக்டர் பட்டம் பெற்றபின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கென நியமனம் பெற்ற இளம் ஆராய்ச்சியாளர்கள். எதிர்ப்புரோட்டான் கிடைக்கும் மாதங்களில் முறை வைத்து இரவிலும் விழித்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் இயந்திரங்கள் நிறுத்தப்படும்போது கருவியைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். வெற்றிடப் பம்பு, காந்தச் சுருள், லேசர், கணிப்பொறி ஆகிய அனைத்தும் அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை. அணு அழியும்போது சிதறும் துகள்களின் தடத்தை, வானிலிருந்து ஓயாது வந்து விழும் அண்டக்கதிர்த் தடங்களினின்று பிரித்தறிவதும் அவர்கள் கடமையே.

பதவிக்காலமோ குறுகியது, பரிசோதனையோ நெடியது. இதற்கு ஆல்பா-ஜி என்னும் கருவியின் வரலாறு தக்க சான்றாகும். எதிர்ப்பொருள் பூமியை நோக்கி விழுமா, மேல் நோக்கி எழுமா என்பதைக் கண்டறியவே அக்கருவி செங்குத்தாக அமைக்கப்பட்டது. 2018-இல் அது நிறுவப்பட்டது. அளவீடு முடியுமுன்னரே, நீண்ட பராமரிப்பிற்காகத் துகள் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. மீண்டும் எதிர்ப்புரோட்டான்கள் கிடைத்தது 2021-இல். அளவீடு நிறைவேறியது 2022-இல். 2018-இல் ஈராண்டுப் பதவியேற்ற ஒருவர், தாம் பொருத்திய கருவி விடை கூறுமுன்பே வேறு பதவி தேட வேண்டியவராவார். அவர் வேலையின் பயனைக் காண்பவர் அவருக்குப் பின் வந்தவர்.

கிடைத்த விடை

பரிசோதனையின் முறை எளிதில் விளங்குவதே. ஏறத்தாழ நூறு அணுக்களைக் காந்தச் சிறையில் சேர்த்து, மேலும் கீழும் உள்ள காந்தப் புலங்களை 20 வினாடிகளில் சிறிது சிறிதாகக் குறைத்தனர். அணுக்கள் எவ்வழியே வெளியேறி அழிகின்றன என்று எண்ணினர். இதில் ஓர் இடர் உண்டு. மேலும் கீழும் உள்ள புலங்களில் சுமார் நாலரை காஸ் வேற்றுமை இருந்தாலே, அது பூமியின் ஈர்ப்புக்கு நிகரான விளைவைத் தந்துவிடும். எனவே புலங்களை மிக நுட்பமாக அளந்தறிய வேண்டியிருந்தது. இரு புலங்களும் சமமாக இருந்தபோது அணுக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழ்வழியே சென்றன. எதிர்ப்பொருளும் பூமியை நோக்கியே விழுகிறது என்னும் இம்முடிவு 2023 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. சாதாரணப் பொருளும் எதிர்ப்பொருளும் முற்றிலும் ஒரே விதமாக விழுகின்றனவா என்பதை அறிய மேலும் நுட்பமான அளவீடுகள் தேவை. பொருள் மட்டும் எஞ்சியதன் காரணமும் இன்னும் விளங்கவில்லை.

வகுப்பில் ஈர்ப்பு விசையைப் போதிக்கும் ஆசிரியர், மேலிருந்து விடப்பட்ட கல் கீழே விழுவதை நொடிப்பொழுதில் காட்டிவிடலாம். எதிர் ஹைட்ரஜன் அணு விழுவதைக் காட்டவோ, அவ்வணு முதன்முதல் 1995-இல் உண்டாக்கப்பட்டது முதல் 28 ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் பெயர் வெளியே தெரியாது இரவு விழித்தவர் பலர். விஞ்ஞானம் இத்தகையோர் கைம்மாற்றிக் கொடுத்து வரும் பணி என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.