நர்சம்மா காலனிக்குள் வரும் நாள்

கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை ஒன்றியங்களின் பல கிராமங்களில் பேருந்து ஊர்ப் பக்கத்தில் நின்றுவிடும். காலனிக்குப் போக இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஒரு கர்ப்பிணியின் உயிர் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. அதை நடந்து கடக்க வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர்; ஊர்ப் பேச்சில் ‘நர்சம்மா’.

சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பல மாநிலங்களில் ‘ஆஷா’ பணியாளர் வீடு வீடாகச் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் இவரே செய்கிறார். நாள் தள்ளிப்போனதும் பதிவு செய்வது, பிக்மி எண் வாங்கித் தருவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. மாத்திரை வயிற்றுக்குள் போனதா, பரண் மேல் போனதா என்று பார்ப்பதும்தான்.

இந்த உழைப்பின் பலன் கண்கூடு. 2001-03இல் தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன.

ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தாய் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு. நல்ல ரத்தம் உள்ளவள் தாங்கும் அளவு உதிரம் போனாலே, ரத்தசோகை உள்ளவள் சாய்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி வாசலில் 108 வந்து நிற்கும்போது ஏழு கிராம் ஹீமோகுளோபினைப் பதினொன்று ஆக்க முடியாது. அது மாதக்கணக்கில் வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை.

அதனால்தான் நர்சம்மா வாசலோடு திரும்புகிறாரா, உள்ளே வந்து உட்காருகிறாரா என்பது மருத்துவக் கேள்வி ஆகிறது. திண்ணையில் நின்று அட்டையில் எழுதிப் போனால் சித்தாள் வேலைக்குப் போகும் பெண் மயக்கம் வருவதைச் சொல்ல மாட்டாள். உள்ளே வந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, “அப்பத்தா, பேத்திக்குக் கால் வீங்கியிருக்கா?” என்று கேட்டால்தான் பேச்சு வரும். கால் வீக்கமும் தலைவலியும் பிரசவ வலிப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அவற்றை முதலில் பார்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

தீண்டாமை இந்த இடத்திலும் புகும். சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழையத் தயங்குவதையும், குழந்தைகளைத் தொடாமல் மருந்து கொடுப்பதையும் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் ஆய்வாகப் பதிவு செய்தார். நம் மண்ணின் கதையும் லேசானது அல்ல. சிவகங்கை சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தனர். நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கவோ மஞ்சள் பூசவோ கூடாது.

இன்று அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வளையலும் பூவும் மஞ்சளும் பெறுகிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளில் வந்த தூரம் இது. அந்த வரிசையில் காலனிப் பெண் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பது அங்கன்வாடிப் பணியாளரின் கடமை; அவளைக் கூட்டிப் போவது நம் கடமை.

பணமும் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடங்கும். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது முக்கியம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளுக்குத்தான் ரத்தம் இன்னும் குறைவாக இருக்கும் என்பதை அரசு யோசிக்க வேண்டும்.

உரிமைகளையும் தெரிந்துகொள்வோம். பிரசவத்துக்கு 108; பிறந்த குழந்தையோடு வீடு திரும்ப 102; ஆலோசனைக்கும் புகாருக்கும் 104. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ தலித் என்பதற்காக நுழையவிடாமல் தடுப்பது, 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வெயிலில் நடந்து வரும் நர்சம்மா நம் எதிரி அல்ல. பல கிராமங்களைச் சுமப்பவர் அவர். பணியிடம் காலியாகக் கிடந்தால் நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதும் நாம்தான். அடுத்த கிராம சபையில் சாலை, குடிநீரோடு இன்னொரு கேள்வியையும் எழுப்புங்கள்: கடந்த மாதம் நர்சம்மா நம் காலனிக்கு எத்தனை நாள் வந்தார், எத்தனை வீட்டுக்குள் வந்தார்?