ஆர்.எக்ஸ். 100-க்கும் பி.பி. பார்க்கவேண்டும்

"அண்ணாச்சி, ஏத்தத்துல வண்டி இழுக்கமாட்டேங்கு. பிஸ்டனும் ரிங்கும் போட்டு விட்டுருங்க." தென்காசியில் டூ-ஸ்ட்ரோக் வேலை பார்க்கிற என் காதில் அதிகம் விழுவது இதுதான். சொல்கிறவர் பெரும்பாலும் மேக்கரை, பண்பொழிப் பக்கம் தோப்பு வைத்திருப்பார். வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் அடவிநயினார் அணைக்குப் போகும் வழியில், வாய்க்கால் வரப்பிலும் சரளைக்கல் ஏற்றத்திலும் இன்றைக்கும் தேங்காய் மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கிறது.

நோயாளியே மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டு வந்தால் டாக்டர் என்ன செய்வார்? நானும் அதைத்தான் செய்வேன். சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பேன்.

கழற்றுவது எஞ்சினை அல்ல, முதலில் சைலன்சரை. பின்னால் இருக்கிற ஒரு போல்ட்டை எடுத்தால் உள்குழல் உருவி வரும். வருடக்கணக்காக எரிந்த ஆயில் அதில் கரியாகப் படிந்து, ஓட்டைகளை அடைத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் பழைய பிக்கப் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. இந்த வண்டிகளில் சைலன்சர் சத்தத்தை மட்டும் அடக்குவதில்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, எரியாமல் நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். பந்தய வண்டியில் இந்தக் கணக்கைக் கைவசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனிப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961-ல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடி, வித்தையை சுஸுகியிடம் கொண்டுபோனார். மறு வருடமே 50 சி.சி. உலகப் பட்டம் சுஸுகிக்கு வந்தது. அதே சுஸுகியின் கூட்டில்தான் 1984-ல் நம் ஓசூரிலிருந்து ஏ.எக்ஸ். 100 பைக் வெளிவந்தது. உளவுக்கதைக்கும் நம் புகை வண்டிக்கும் இப்படி ஒரு உறவு!

சைலன்சரில் குற்றமில்லை என்றால் பிளக். காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிச்சம். வெளுத்திருந்தால்தான் எனக்குப் பயம். எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போகிறது, எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இது ஏன் என்று புரிய, டூ-ஸ்ட்ரோக் மூச்சு விடும் விதம் தெரியவேண்டும். இதில் வால்வு வரிசை கிடையாது. காற்றும் பெட்ரோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுற்றும் அறைக்குள் போகும். பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுந்தி, பக்கத்து வழியாக மேலே ஏறும். எரிவது அப்புறம். ஆர்.எக்ஸ். 100 முழு பலம் காட்டும் 7500 சுற்றில், நொடிக்கு 125 தடவை இது நடக்கிறது. ஆகவே கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். அதன் இரண்டு முனையிலும் காவல் நிற்பது மலிவான இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள். மேக்னட் பக்கத்து சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று நுழையும். கைப்பிடியை விட்ட பிறகும் எஞ்சின் அலறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்து வெண்புகையாகக் கக்கும். கியர் ஆயிலின் அளவு குறைந்துகொண்டே வரும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் என் கடையில் பழைய பி.பி. கருவி ஒன்று தொங்குகிறது. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பரால் அடைத்து, பிளக் துளை வழியாக அதன் பல்பை அழுத்திக் காற்றேற்றுவேன். முள் 300-ஐத் தொட்டால் ஏறக்குறைய ஆறு பவுண்டு அழுத்தம். ஐந்தாறு நிமிடம் அங்கேயே நிற்கவேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுவேன், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சில நிமிடச் சோதனைதான். இதைச் செய்யாமல் புது பிஸ்டன் போட்டால், அதே காற்று அதே சூட்டைக் கிளப்பி, புதிதும் சிக்கிக்கொள்ளும். 'டூப்ளிகேட் பிஸ்டன்' என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதி இந்த வகைதான்.

பிளாக்கைக் கழற்றினால் பிஸ்டனே வாக்குமூலம் கொடுக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகக் கீறல் என்றால் சூடு. இன்டேக் பக்கத்து அடிப்பாகம் மங்கித் தேய்ந்திருந்தால் புழுதி. நம் ஊரில் புழுதிக்குத் தனிக் கதை உண்டு. சீசனில் குற்றாலச் சாரலில் ஏர் ஃபில்டர் நனையும்; வண்டி திணறும்; ஃபில்டரை உருவிப் போட்டுவிட்டு ஓட்டுவார்கள். அப்போதைக்குப் பறக்கும். அப்படியே சுரண்டைப் பக்கம் போனால் அங்கே சாரல் கிடையாது, ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கும். அத்தனையும் சிலிண்டருக்குள்.

அடுத்து கனெக்டிங் ராடு. பிஸ்டனை எடுத்துவிட்டு, ராடை மேலே நிறுத்தி நேர்மேல், நேர்கீழ் ஆட்டிப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் இம்மியும் கூடாது. ஆடினால் கிராங்கைப் பிரித்து, பிரஸ்ஸில் அழுத்தி, புது ராடு கோத்து, லேத்தில் ஓட்டம் பார்க்கவேண்டும். 0.03 மி.மீ.க்கு மேல் கோணினால் நான் வாங்கமாட்டேன்.

போர் போடுவதென்றால் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் மூல அளவு 50 மி.மீ. கால் மில்லிமீட்டர் வீதம் 51 வரை நாலு தடவை பெரிதாக்கலாம், பிறகு ஸ்லீவ்தான். வெட்டியதும் போர்ட் ஓரங்கள் கத்தியாக நிற்கும். அவற்றை மழுக்காமல் விட்டால் ரிங் மாட்டி உடையும். லேத்தில் இதை மறப்பவர்கள் அதிகம். பிளாக் வந்ததும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்டைப் பார்க்கவேண்டும். ரிங்கின் வாய், காடியில் உள்ள சிறு முளையில் உட்காரவேண்டும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போடக்கூடாது. ஆயில் பம்பில் காற்று நின்றால் 2டி ஆயில் இறங்காது. அந்தக் காற்றை எடுக்கும்வரை டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுவது நல்லது.

வண்டியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்வேன். முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை வேண்டாம், குண்டாறு அணைக்கு மேலே ஜீப் ஏறும் எஸ்டேட் பாதை வேண்டவே வேண்டாம். செங்கோட்டை ரோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். "அதுவரை தேங்காயை யாரு சுமக்க அண்ணாச்சி?" என்பார்கள். அதற்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிடுவேன். இரண்டாவது தடவை போர் போடுவதைவிட ஆட்டோ வாடகை குறைவு.