எலிகளிடமிருந்து இல்லம் காப்போம்

உறங்குமுன் பாத்திரங்களை மூடுமாறும் விளக்கை அணைக்குமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் எனக் காரணமும் கூறினார்கள் (புகாரி). எலிக்கு இடமளியாதிருப்பதே முதற்கடமை என்பது இதனால் விளங்குகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நெல், மணிலா மூட்டைகள் உள்ள வீடுகளை எலிகள் தேடி வருகின்றன. வந்திருப்பது எதுவென முதலில் அறியுங்கள். அரிசி மணியளவிலோ அதனினும் சிறிதாகவோ எச்சமிடுவது சுண்டெலி. சுண்டுவிரல் நுழையும் ஓட்டையே அதற்குப் போதும். உடலினும் நீண்ட வாலுடன் கூரையில் ஓடுவது வீட்டெலி. சாக்கடையோரம் மண்ணைத் தோண்டிக் குவிப்பது பெருச்சாளி. நீண்ட மூக்குடைய மூஞ்சூறு எலியினமன்று. அது பூச்சிகளை உண்பது.

ஓட்டைகளைச் சிமெண்டால் அடையுங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகைமீது அடுக்குங்கள். எச்சில் பாத்திரங்களை இரவே கழுவுங்கள். பொறியைச் சுவரோரம் வையுங்கள். அகப்பட்டதைப் பட்டினியிட்டு வதைக்காதீர்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் அடைந்த தண்டனையை நாம் அறிவோம். கொல்வதையும் வதையின்றிச் செய்யவே மார்க்கம் பணிக்கிறது.

நஞ்சை மட்டும் வீட்டினுள் வைக்காதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலிமருந்தின் நெடியால் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. தவறி உண்டவர் முதலில் நலமாகத் தோன்றினாலும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் மக்களையும் இல்லங்களையும் வல்ல ரஹ்மான் காத்தருள்வானாக! ஆமீன்.